பி.எஸ்.ஐ.யா, பாரா, கிலோபாஸ்கலா: பூஸ்ட் கேஜுக்கு எந்த அலகு?

டர்போ இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிறது. வெளிக்காற்றுக்கு மேலே அது ஏற்றும் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட், அதைக் காட்டும் மானி பூஸ்ட் கேஜ். "பூஸ்ட் 15 வரைக்கும் தாராளமா வைக்கலாம்" என்று ஒருவர் சொல்கிறார். கேட்டவர் காரில் இருப்பது பார் கேஜ். அதில் 15 என்ற எண்ணே கிடையாது, 1.5 இருக்கிறது. முள் அங்கே போய் நிற்கும்வரை பூஸ்ட் கன்ட்ரோலரைக் கூட்டிவிடுகிறார். சொன்னவர் மனதில் இருந்தது 15 பி.எஸ்.ஐ. கேட்டவர் வைத்ததோ 1.5 பார், அதாவது 21.8 பி.எஸ்.ஐ. கிட்டத்தட்ட ஏழு பி.எஸ்.ஐ. கூடுதல். அவ்வளவு காற்றுக்குத் தகுந்த பெட்ரோலும் இக்னிஷன் டைமிங்கும் இன்ஜின் கம்ப்யூட்டரின் டியூனில் இல்லையென்றால் நாக்கிங் (பெட்ரோல் கலவை கட்டுக்கடங்காமல் தானாக வெடிப்பது) தொடங்கும், பிஸ்டன் உடையும் வரைக்கும் போகும். புள்ளி இடம் மாறினால் ஒன்றுதானே என்று நினைக்க வைக்கும் இந்தப் பத்து மடங்கு மயக்கம்தான் பூஸ்ட் அலகுகளில் மிக ஆபத்தானது. அதனால்தான் கேஜ் வாங்கும்போது டயலின் நிறம், விளக்கு இவற்றையெல்லாம் விட அலகைப் பற்றி முதலில் யோசிக்கச் சொல்கிறேன்.

பி.எஸ்.ஐ. நமக்குப் புதிதில்லை. பெட்ரோல் பங்கில் "முன்னாடி 33, பின்னாடி 30" என்று காத்து பிடிக்கச் சொல்லும்போது நாம் பேசுவது அதைத்தான். ஒரு சதுர அங்குலப் பரப்பின் மீது ஒரு பவுண்டு எடை அழுத்தினால் அது ஒரு பி.எஸ்.ஐ. சாலையில் ஓடும் பெரும்பாலான டர்போ கார்களின் பூஸ்ட் 25-க்குள் அடங்கிவிடுவதால் எல்லாவற்றையும் முழு எண்ணிலேயே சொல்லிவிடலாம். நேற்று 16 காட்டியது, இன்று 14-தான் காட்டுகிறது என்றால் எங்கோ ஹோஸ் கசிகிறது என்று சட்டென்று பிடிபடும். பாரில் அதே வித்தியாசம் 1.10-க்கும் 0.97-க்கும் இடையே ஒளிந்துகொள்ளும்.

பி.எஸ்.ஐ. கேஜின் சிக்கல் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் இருக்கிறது. இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறையும், அந்தக் குறைவுதான் வேக்குவம். அமெரிக்க முறை டயல்களில் பூஜ்யத்துக்கு மேலே போனால் பி.எஸ்.ஐ., கீழே வேக்குவத்துக்கு இறங்கினால் பாதரச அங்குலம். ஒரே முள், இரண்டு அலகுகள். இடது கோடியில் 30, வலது கோடியில் 30 என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் சமம் போலத் தோன்றும், ஆனால் இல்லை. கடல் மட்டத்துக் காற்று முழுவதையும் உறிஞ்சி எடுத்தாலும் வேக்குவம் 29.92 பாதரச அங்குலம்தான், அது வெறும் 14.7 பி.எஸ்.ஐ. பாதரச அங்குலத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய பி.எஸ்.ஐ. கிடைக்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இந்தக் கலப்பு ஏன் இன்னும் நீடிக்கிறது? பழைய மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் அப்படி. நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜின் கடல் மட்டத்தில் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 18 முதல் 22 வரை வேக்குவம் காட்டும். முள் அதில் எங்கே நிற்கிறது, எப்படித் துடிக்கிறது என்று பார்த்தே வால்வுக் கோளாறையும் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) கசிவையும் சொல்லிவிடுவார்கள். அந்த அனுபவத்தை மதிக்கிறேன். உங்களுடையது டீசல் கார் என்றால் இந்தக் கவலையே வேண்டாம். பெட்ரோல் இன்ஜினைப் போலக் காற்றை அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலை டீசலில் இல்லை. ஐடிலில் முள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும்.

ஜப்பானிய கேஜ்களின் கதை வேறு. அங்கே நெடுங்காலம் பூஸ்டை கிலோகிராம்/சதுர செ.மீ. கணக்கில்தான் அளந்தார்கள். "பூஸ்ட் 1.2 கிலோ" என்பது இன்றும் அங்குள்ள கார் பிரியர்களின் பேச்சு வழக்கு. நம் பட்டறைகளில் கம்ப்ரசர் பக்கத்தில் நின்று "ஆறு கிலோ காத்து ஏத்து" என்று சொல்வதும் அதே அலகுதான். இரண்டு ஊர்ப் பட்டறைகளும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எடையை வைத்து அழுத்தத்தைச் சொல்லும் இந்த முறையை ஜப்பான் சட்டம் 1999-க்குள் முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு வந்த ஜப்பானிய டயல்களில் "×100 கிலோபாஸ்கல்" என்று சிறிய எழுத்தில் இருக்கும். பழைய கேஜில் 1.0 என்பது 98 கிலோபாஸ்கல், புதியதில் 100. இரண்டு சதவீத வித்தியாசம்தான். 1.5-ல் வைத்துப் பார்த்தாலும் அரை பி.எஸ்.ஐ.கூட வராது. இதற்காகக் கால்குலேட்டரைத் தேட வேண்டாம். பழைய ஜப்பானிய காரை வாங்குபவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். 1990-களின் சில நிஸ்ஸான் கார்களில் கம்பெனியே பொருத்திய கேஜில் இருபுறமும் 7 என்று இருக்கும். அது 7 பி.எஸ்.ஐ. இல்லை, 0.7 பாரும் இல்லை. 700 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது சுமார் 13.5 பி.எஸ்.ஐ.

பார் ஐரோப்பியர்களின் அலகு. போர்ஷே 911 டர்போவின் பழைய 930 மாடலைப் பற்றிப் பேசும்போது 0.8 பார் பூஸ்ட் என்றுதான் சொல்வார்கள். ஒரு பார் என்பது சரியாக 100 கிலோபாஸ்கல். அதனால் பார் டயலும் ஜப்பானியரின் புதிய ×100 டயலும் ஒன்றேதான், பெயர்தான் வேறு. இந்த டயல்களின் பெரிய நன்மை, பூஜ்யத்துக்கு இருபுறமும் ஒரே அளவுகோல் ஓடுவது. இடது கோடியில் −1 என்றால் காற்றே இல்லை. பூஜ்யம் என்றால் வெளியே இருக்கும் காற்று. +1 என்றால் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டர்போ என்ன செய்கிறது என்பதை ஒரு பார்வையில் சொல்லும் படம் இது. பாரை பி.எஸ்.ஐ. ஆக்க 15-ஆல் பெருக்கி, பாருக்கு அரை வீதம் கழியுங்கள். 1.2 பார்: 18, அதில் 0.6 போக 17.4.

இதுவரை சொன்னது எல்லாம் மாற்றிக்கொள்ளக்கூடிய வித்தியாசங்கள். உண்மையான பிளவு வேறிடத்தில் இருக்கிறது. எண் எங்கிருந்து தொடங்குகிறது? டேஷ்போர்டு கேஜ் வெளிக்காற்றைப் பூஜ்யமாக வைத்து அதற்கு மேலே எவ்வளவு என்று சொல்கிறது. இன்ஜினின் ஈசியுவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மேப் சென்சாரும் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் சென்சார்) முழு வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்துக் கிலோபாஸ்கலில் கணக்குப் போடுகின்றன. இதைத்தான் தனிமுழு அழுத்தம் என்கிறோம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அனுபவசாலிகளிலும் உண்டு. "3 பார் மேப் சென்சார்" வாங்கியவர் 3 பார் பூஸ்ட் வரை அளக்கலாம் என்று நம்புவார். அதில் ஒரு பார் வெளிக்காற்றுக்கே போய்விடும், மிச்சம் 2 பார் பூஸ்ட், 29 பி.எஸ்.ஐ. ஃபார்முலா ஒன்னில் முதல் டர்போ காலம் முடிவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அழுத்த வரம்பு வைத்தார்கள். 1987-ல் 4 பார், 1988-ல் 2.5 பார். இரண்டும் தனிமுழு அழுத்தம். ஆகவே 1988-ல் 16 பந்தயங்களில் 15-ஐ வென்ற மெக்லாரன்-ஹோண்டா ஓடியது 2.5 பார் பூஸ்டில் அல்ல, 1.5 பாரில்.

மலை ஏறினால் இந்த வித்தியாசம் கண் முன்னாலேயே தெரியும். சென்னையில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் சுமார் 77. ஈசியு மேனிஃபோல்டில் 200 கிலோபாஸ்கல் வேண்டும் என்று கேட்கிறது என வைத்துக்கொள்வோம். சென்னையில் கேஜ் 14.4 பி.எஸ்.ஐ. காட்டும். ஊட்டியில் அதே 200-ஐ எட்ட 17.8 காட்ட வேண்டும். இன்ஜினுக்குள் போகும் அழுத்தம் ஒன்றுதான், ஆனால் டர்போ படும் பாடு வேறு. கீழே அது காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும், மேலே 2.6 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், காற்று இன்னும் சூடாகும். அதனால் பல ஈசியுக்கள் மலையில் இலக்கைக் குறைத்துவிடும். அப்போது கேஜ் ஊட்டியிலும் அதே 14.4-ஐக் காட்டலாம். "பூஸ்ட் சரியாத்தானே இருக்கு, ஏன் இழுவை இல்லை?" என்று ஓட்டுபவர் குழம்புவார். உள்ளே இருப்பது 200 அல்ல, 176. பூஸ்ட் கேஜ் பொய் சொல்லவில்லை. தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும் அது பதில் சொல்கிறது.

ஐடில் வேக்குவமும் அப்படித்தான். சென்னையில் 20 பாதரச அங்குலம் காட்டிய அதே இன்ஜின் ஊட்டியில் 13-தான் காட்டும். கடல் மட்டத்துக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, இல்லாத கசிவைத் தேடி ஹோஸ்களைப் பிரிக்க வேண்டாம்.

காரின் கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி போனில் பூஸ்ட் பார்ப்பவர்கள் இன்னொரு வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். மேனிஃபோல்டு அழுத்தத்துக்கான அடிப்படை ஓபிடி அளவீடு ஒரே ஒரு பைட். அதிகபட்சம் 255 கிலோபாஸ்கல். கடல் மட்டத்தில் அது 22 பி.எஸ்.ஐ. பூஸ்ட். பெரிய டர்போ போட்ட காரில் வரைபடம் 255-ல் தட்டையாக ஓடினால் டர்போ அங்கேயே நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. எண்ணுக்கு இடம் தீர்ந்துவிட்டது, அவ்வளவே.

என்னைக் கேட்டால், ஓட்டும்போது கண் முன்னால் பார் கேஜ், அல்லது அதன் இரட்டையான ×100 கிலோபாஸ்கல். இரண்டு அலகு கலந்த டயலைப் பெட்ரோல் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். டீசலுக்கு பி.எஸ்.ஐ. வாங்குங்கள், அங்கே அதன் முழு எண்கள்தான் வசதி. டியூனரிடம் லாக் (ஓட்டும்போது பதிவான அளவீடுகள்) அனுப்பும்போது கிலோபாஸ்கல், அதுவும் தனிமுழு அழுத்தமாக. வாய்ப்பேச்சில் எந்த அலகும் இருக்கட்டும், ஆனால் எண்ணோடு அலகையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போன் ஆப்பை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். முடிந்தால் மலையில் செய்யுங்கள். இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பூஸ்டைப் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் ஆப் அந்த ஊர்க் காற்றழுத்தத்தைக் கழிக்கிறது. ஊட்டியில் −3.5 பி.எஸ்.ஐ. காட்டினால், எந்த ஊருக்குப் போனாலும் அது 101-ஐத்தான் கழித்துக்கொண்டிருக்கிறது.