121 சென்டிமீட்டர்: பிள்ளைகளோடு யூனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் வரிசையாகப் பென்சில் கோடுகள் இருக்கும். பிறந்தநாள்தோறும் பிள்ளைகளை ஒட்டி நிற்க வைத்துப் போட்டவை. சிங்கப்பூர் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அதே இடத்தில் நிற்க வைத்துத் தையல் டேப்பால் அளந்தேன். பெரியவளுக்கு ஏழு வயது, 121 சென்டிமீட்டர். சின்னவனுக்கு நாலு முடிந்து ஒரு மாதம், 98 சென்டிமீட்டர். இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டுத்தான், செந்தோசா தீவில் இருக்கிற கேளிக்கைப் பூங்காவான யூனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு டிக்கெட் போட்டிருக்க வேண்டும். நான் போட்டுவிட்டு அளந்தேன்.

பஸ்ஸில் கண்டக்டரிடம் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லிப் பழகியவர்கள் நாம். இங்கே வாசலில் மட்டும்தான் வயது. நாலு வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது, 4 முதல் 12 வரை குழந்தை டிக்கெட், 60 தாண்டியவர்களுக்குச் சலுகை டிக்கெட். உள்ளே போய்விட்டால் எல்லாமே உயரம். வயதைக் குறைத்துச் சொல்லலாம், உயரத்தைக் கூட்டிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ரைடு வாசலிலும் அளவுகோல் நிற்கிறது.

ஒரு மாதம் முன்னால் போயிருந்தால் சின்னவனுக்கு டிக்கெட்டே வேண்டியதில்லை என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர், கூட என் அத்தை. பிள்ளைகளுக்கு அப்பாயி, வயது 64, வலது முழங்கால் தகராறு. ஐந்து பேருக்கும் சேர்த்து 20,000 ரூபாய்க்கு மேல் ஆனது. பெரியவர் டிக்கெட் ஒன்றே எண்பது வெள்ளியைத் தாண்டுகிறது. டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். இரண்டாம் நாளே எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

திருச்சியிலிருந்து நேர் விமானம் இருக்கிறது, நாலு மணி நேரம். விசா எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், வருகை அட்டைக்கு என்று தலைக்கு ஒரு தொகை தனியாக வாங்கிவிட்டார். அந்த அட்டையைச் சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நாமே காசில்லாமல் நிரப்பலாம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் தெரியாமல் கொடுத்தோம், நீங்கள் கொடுக்காதீர்கள்.

தங்கியது லிட்டில் இந்தியாவில். ஹோட்டல் பெயர் வேண்டாம். குடும்ப அறை என்று படத்தில் பார்த்துப் போட்டது, போய்ப் பார்த்தால் ஜன்னலே இல்லை. விடிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள அத்தை கீழே இறங்கிச் சிராங்கூன் சாலைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். ஆனால் இடம் சரியான இடம். கோமள விலாஸ் சைவ உணவகம் நடக்கிற தூரம், வீரமாகாளியம்மன் கோயில் பக்கம். அதைவிட முக்கியம், லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் ஊதா நிற ரயில் பிடித்தால் வண்டி மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட். அங்கேதான் செந்தோசா தீவுக்குப் போகும் வாசல். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வண்டி மாறாமல் போவது ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குச் சமம்.

ஹார்பர்ஃபிரண்டில் ஏறினால் விவோசிட்டி என்கிற பெரிய மால். அதன் மூன்றாவது மாடியில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில். தலைக்கு நாலு வெள்ளி, முதல் நிறுத்தமே நமது இடம், திரும்பி வரக் காசில்லை. நடந்து போக மரப்பலகைப் பாதையும் உண்டு, அது இலவசம். போகும்போது ரயில், வரும்போதும் ரயில் என்பது என் தீர்ப்பு. நடையெல்லாம் உள்ளே காத்திருக்கிறது.

நாள் பார்த்தது மட்டும் நாங்கள் சரியாகச் செய்த காரியம். ஜூன் மாதம் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை. நமக்கோ ஏப்ரல் கடைசியிலிருந்தே விடுமுறை. அதனால் மே முதல் பாதியில், நடுவாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. இறங்கிய மறுநாளே போகலாம் என்றார் இவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். காலை ஏழுக்கு எழுப்புவது பிள்ளைகளின் உடம்புக்கு நாலரை மணி. மூன்றாம் நாள் வைத்தோம். அப்படியும் சின்னவன் ரயிலில் தூங்கிவிடுவான் என்று பார்த்தேன். தூங்கவில்லை. அந்த ஊதா ரயிலுக்கு ஓட்டுநரே கிடையாது. முன்பெட்டியில் முன்கண்ணாடி முழுக்க அவன் மூக்கு.

பத்து மணிக்குத் திறக்கும் என்றால் ஒன்பதரைக்கு நின்றோம். சுற்றுகிற உலக உருண்டை வாசலுக்கு வெளியிலேயே இருக்கிறது. அதன் முன்னால் படம் எடுக்க டிக்கெட் வேண்டாம். பையைப் பிரித்துப் பார்க்கிறார்கள், வெளிச் சாப்பாடு உள்ளே போகாது.

உள்ளே போனதும் எல்லோரும் ஓடுகிற திசையில் நாங்களும் ஓடினோம், மினியன் லேண்ட். 2025 பிப்ரவரியில் திறந்த பகுதி, மஞ்சள் பொம்மைகள் இல்லாத சுவரே இல்லை. அங்கே பகி பூகி என்று ஒன்று. சின்ன வண்டிகளில் உட்கார்ந்தால் பாட்டுக்கு ஏற்ப வண்டிகளே வளைந்து வளைந்து ஆடுகின்றன. நம் குடைராட்டினத்துக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தது மாதிரி. நாலு வயதுக்கென்றே செய்த சரக்கு. சின்னவன் இறங்க மறுத்தான், மறுபடி வரிசையில் நின்றோம். காலை பத்தரைக்கு அதைச் செய்ய முடியும், மதியம் முடியாது. அதனால் குட்டிகளுக்கானதை முதலில் முடித்துவிடுங்கள்.

இனி உயரக் கணக்கு, ஒவ்வொன்றிலும் ஏறக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று. டினோசர் பகுதியில் தொங்கிக்கொண்டு பறக்கிற கேனப்பி ஃபிளையர், 92 சென்டிமீட்டர். அரண்மனைப் பகுதியில் குட்டி ரோலர் கோஸ்டரான என்சான்டட் ஏர்வேஸ், அதுவும் 92. இரண்டிலும் எங்கள் இரண்டு பிள்ளைகளும் ஏறினார்கள். பக்கத்திலேயே பூஸ் இன் பூட்ஸ் பூனை ரைடு, அது 100. சின்னவனுக்கு இரண்டு சென்டிமீட்டர் குறைவு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 102, ரேப்பிட்ஸ் என்கிற படகு 107. எகிப்துப் பகுதியில் இருட்டுக்குள் ஓடுகிற மம்மி 122. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்கிற பெரிய ரோலர் கோஸ்டர் 125.

மம்மி 122. பெரியவள் 121.

அவள் வகுப்புத் தோழி ஒருத்தி போன வருடம் அதில் போய்விட்டு வந்து ஒரு மாதம் கதை சொல்லியிருக்கிறாள். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போட்டால் சரியாகிவிடும் என்று ஊரிலேயே இவர் யோசனை சொன்னார். நான் விடவில்லை. உயரம் கேட்பது கௌரவத்துக்கு அல்ல. மடிமேல் வந்து இறங்குகிற இரும்புக் கட்டை, உடம்பைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்க வேண்டும். வண்டி இருட்டில் நின்று பின்னால் வேறு ஓடுகிறது. ஷூ ஏமாற்றுவது அளவுகோலை மட்டும்தான். இதை அவளிடம் முந்தின நாளே சொல்லியிருக்க வேண்டும். வாசலில் போய் அவளாக விறைப்பாக நின்று, கழுத்தை நீட்டி, மூச்சைப் பிடித்து, கண்ணை மேலே உருட்டிப் பார்த்தாள். அங்கே வேலை பார்க்கிற பெண் தமிழ்ப் பெண். "இன்னும் ஒரே ஒரு சென்டிதான் பாப்பா, அடுத்த வருஷம் வா" என்றாள் அன்பாகத்தான். அடுத்த வருஷம் யார் அனுப்புகிறார்கள்? அரைமணி நேரம் அழுகை. இவர் மட்டும் போய்விட்டு வந்தார். தனியாள் வரிசை என்று ஒன்று இருக்கிறது. அது சில ரைடுகளில் உண்டு, சீக்கிரம் நகரும். வந்தவர் "ஒண்ணும் பெரிசா இல்லம்மா" என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

இன்னொன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உயரம் போதாத பிள்ளையோடு ஒருவர் வெளியே இருந்துவிட்டு, மற்றவர் வந்ததும் மறுபடி முழு வரிசை நிற்காமல் மாற்றிக்கொண்டு ஏற ஒரு ஏற்பாடு இருக்கிறது. வாசலில் இருப்பவரிடம் கேட்டால் சொல்வார். எங்களுக்கு அத்தை இருந்ததால் தேவைப்படவில்லை. அத்தைதான் எங்கள் எக்ஸ்பிரஸ் பாஸ்.

அந்த எக்ஸ்பிரஸ் பாஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வரிசையைத் தாண்டிப் போக டிக்கெட்டுக்கு மேல் தனியாகக் கட்டுவது. 122 எட்டாத பிள்ளைகளோடு போகிறவர்கள் வாங்க வேண்டாம். அதிக நேரம் வரிசை நிற்கிற பெரிய ரைடுகள் பலவற்றில் உங்கள் பிள்ளை ஏறவே முடியாது. அந்தக் காசுக்கு மறுநாள் ஊர் சுற்றலாம்.

அத்தை இரண்டே இரண்டில் ஏறினார். ஒன்று சின்னவனோடு ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ். ஏசிக்குள் மெதுவாகப் போகிறது, முழங்காலுக்கும் நல்லது, நாலு வயதுக்கும் நல்லது. இன்னொன்று பகி பூகி. மற்ற நேரம் பெஞ்சு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வாசலில் நின்றிருந்த கூட்டத்தைப் பார்த்து, "ரெங்கநாதர் தரிசனத்துக்கே நான் இவ்வளவு நேரம் நின்னதில்லடி" என்றார். ஸ்ரீரங்கத்துக்காரர் சொல்கிறார், வைகுண்ட ஏகாதசி பார்த்தவர்.

மதியச் சாப்பாட்டுக்கு வழி செய்ததும் அவர்தான். ஊரிலிருந்து புளிக்காய்ச்சல் ஒரு டப்பா கொண்டு வந்திருந்தார். காலையில் சிராங்கூன் சாலையில் சோறு மட்டும் வாங்கிக் கிளறி, விவோசிட்டியில் பெட்டக லாக்கரில் வைத்தோம். பன்னிரண்டரைக்குக் கையில் முத்திரை குத்திக்கொண்டு இவர் மட்டும் வெளியே போய் எடுத்து வந்தார். நாங்களும் முத்திரையோடு வெளியே வந்து உருண்டைக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போனோம். அன்றைக்குத் திரும்ப நுழைய அந்த முத்திரை போதும். உள்ளேயும் சாப்பாடு நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு தட்டுச் சோறு வெள்ளியில் என்ன என்று பார்த்து ரூபாயில் பெருக்காமல் இருக்க எங்களால் முடியவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், பிடித்துக்கொள்ளக் குழாய் இருக்கிறது.

தண்ணீர்ச் சண்டைக் காட்சியான வாட்டர்வேர்ல்டுக்கு நேரம் பார்த்துப் போனோம். எந்த இருக்கை நனையும் என்று அடையாளமே போட்டிருக்கிறார்கள். பெரியவள் வேண்டுமென்றே அங்கே உட்கார்ந்து தொப்பலாக நனைந்தாள், மம்மி மறந்துபோனது. சின்னவனுக்குத்தான் வெடிச் சத்தமும் தீயும் ஒத்துவரவில்லை. தீபாவளிக்கே காதைப் பொத்துகிறவன். பாதியில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சத்தத்துக்குப் பயப்படுகிற பிள்ளை என்றால் பின்வரிசையில், வழியோரமாக உட்காருங்கள்.

இரண்டரைக்கு மழை. சிங்கப்பூர் மழை சொல்லிக்கொண்டு வராது. இடி மின்னல் என்றால் வெளியில் ஓடுகிற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அதுதான் சரியும்கூட. நுழைவாசல் பக்கத்துக் கடைத்தெருவுக்கு மேலே கூரை இருப்பதால் எல்லோரும் அங்கே. இதைக் கணக்கில் வைத்து வெளி ரைடுகளைக் காலையிலும், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் மாதிரிக் கூரைக்குள் இருப்பதை மதியத்துக்கும் ஒதுக்குங்கள். நாங்கள் தற்செயலாக அப்படிச் செய்தோம். பெரியவளும் நானும் அதில் போனோம். கட்டடத்துக்கு வெளியே விழப்போகிறோம் என்று நான் கத்தினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிஜமில்லம்மா, ஸ்க்ரீன்தான்" என்றாள்.

மூன்று மணிக்குமேல் சின்னவன் கால் மடங்கிவிட்டது. நாலு வயசுப் பிள்ளைக்கு எதற்குத் தள்ளுவண்டி என்று ஊரில் கேட்டவள் நான்தான். உள்ளே வாடகைக்குக் கிடைக்கிறது, எடுத்தோம். உங்கள் வீட்டுப் பரணில் மடக்குகிற வண்டி இருந்தால் தூசி தட்டி எடுத்துப் போங்கள். ஐந்து வயது வரைக்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.

யாருக்குச் சொல்வேன் என்றால், மூத்த பிள்ளை 122 தாண்டியிருக்க வேண்டும், இளையது குறைந்தது 92 தாண்டியிருக்க வேண்டும். அப்படி என்றால் கொடுத்த காசு தகும். இரண்டும் 92-க்குக் கீழே என்றால் இப்போது வேண்டாம். சிங்கப்பூரிலேயே கார்டன்ஸ் பை த பே தோட்டத்தில் குழந்தைகளுக்கென்று தண்ணீர் விளையாட்டுத் திடல் இருக்கிறது, கட்டணம் கிடையாது, திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. மறுநாள் அங்கே போனோம். சின்னவன் மூன்று மணி நேரம் நனைந்தான், யாரும் அவனை அளக்கவில்லை. ஊருக்கு வந்து சிங்கப்பூரில் என்ன பார்த்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சொன்ன பதில், டிரைவர் இல்லாத ரயில்.

மறந்தேவிட்டேன், ரேப்பிட்ஸ் படகுக்கு முன்னால் பிளாஸ்டிக் மழை அங்கி விற்பார்கள். அங்கே வாங்காமல் முந்தின நாளே வெளிக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அங்கேயே வாங்கினோம். போட்டும் முழங்காலுக்குக் கீழே நனைந்தது. மூன்றையும் அத்தை கழுவி மடித்துக் கொண்டு வந்துவிட்டார். இப்போது மொட்டைமாடியில் கூழ்வற்றல் காய்கிறபோது தூறல் போட்டால் அதைத்தான் விரிக்கிறார்.