ப்ரூசிக், பிளேக், வி.டி.: மரமேறும் கயிற்றுக்கு எந்த முடிச்சு, எந்தக் காரபினர்?

மரமேறுகிற நாம், எந்த உராய்வு முடிச்சு (தளர்வாக இருக்கையில் கயிற்றில் நகரும், எடை விழுந்தால் பிடிக்கும் முடிச்சு) சிறந்தது என்று மணிக்கணக்கில் வாதிடுகிறோம். அந்த முடிச்சை இடுப்புவாரோடு இணைக்கும் காரபினரின் (திறந்து மூடும் வாயிலுள்ள உலோக வளையம்) பூட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே எடைபோடுகிறேன்.

ப்ரூசிக்: ஆஸ்திரியாவின் கார்ல் ப்ரூசிக் 1931இல் விளக்கிய முடிச்சு. கட்டுவது எளிது, தப்பாகக் கட்டினால் பார்த்ததும் தெரிந்துவிடும், மேலும் கீழும் இரு திசையிலும் பிடிக்கும். ஆனால் உடல் எடை விழுந்ததும் இறுகிக்கொள்ளும். கிளைக்குக் கிளை நகர்கிறவர் அதை ஓயாமல் தளர்த்த வேண்டியிருப்பதால் விரல்கள் சீக்கிரம் சோர்ந்துபோகும்.

பிளேக்: இதற்குத் தனிக் கயிறு தேவையில்லை, ஏறும் கயிற்றின் நுனியே போதும். மேல்நோக்கி நான்கு சுற்று சுற்றி, நுனியைக் கீழே கொண்டுவந்து, முதன்மைக் கயிற்றுக்குப் பின்னால் செலுத்தி, கீழிரண்டு சுற்றுகளுக்கு அடியில் வெளியே எடுக்க வேண்டும். நுனியைத் தவறான வழியில் நுழைத்தாலும் முடிச்சு ஏறக்குறைய சரியாகவே தோன்றும், ஆனால் வழுக்கும். நுனி உருவிக்கொள்ளாமலிருக்க அதில் எட்டு வடிவத் தடுப்பு முடிச்சு கட்டாயம் வேண்டும். இதன் பெரிய பலவீனம் சூடு. வேகமாக இறங்கினால் உராய்வு முழுவதும் ஒரு சிறு பகுதியில் குவிந்து, நைலான், பாலியெஸ்டர் இழைகள் உருகிப் பளபளப்பாக இறுகும். அந்தப் பகுதியை வெட்டி எறியத் தயங்கக் கூடாது.

வி.டி. (வால்டோட்டேன் ட்ரெஸ் என்பதன் சுருக்கம்): இரு முனையிலும் கண்ணி வைத்த தனிக் கயிற்றால், மேலே சுற்றி, கீழே பின்னிக் கட்டுவது. எடை தாங்கிய பிறகும் மெல்ல விடுபடும். அராமிட் என்ற வெப்பம் தாங்கும் செயற்கை இழை கலந்த கயிறு உருகாமல் சூட்டைத் தாங்கும். தேய்ந்தால் சிறு கயிற்றை மட்டும் மாற்றினால் போதும். தினமும் ஏறுகிறவருக்கு என் தேர்வு இதுதான். ஆனால் கயிற்றின் தடிமன், நீளம், சுற்றுகளின் எண்ணிக்கை எதில் சிறு மாற்றம் வந்தாலும் பிடிப்பு மாறிவிடும். ஒரு சுற்று குறைந்தால் பிடிக்காமலே போகலாம். புதிதாகக் கற்பவர் பிளேக்கில் தொடங்கட்டும்.

கயிறு கிளைக்கு மேலே போய்த் திரும்பி, இரு பக்கமும் ஏறுகிறவரைத் தாங்கும் இரட்டைக் கயிற்று முறையில் முடிச்சின் மேல் ஏறக்குறைய பாதி எடைதான் விழும். மேலே நிலையாகக் கட்டிய ஒற்றைக் கயிற்றில் முழு எடையும் விழுவதால், முடிச்சை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. அதற்கு மேலே உராய்வைப் பகிரும் கருவி ஒன்று வேண்டும்.

காரபினர் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. திருகு பூட்டு வேண்டாம். கயிறும் பட்டையும் உரசி அது தானாகக் கழலும், திருக மறந்தாலும் எச்சரிக்காது. தூக்கி, திருப்பி, தள்ளினால்தான் திறக்கும் மூன்று அசைவுத் தானியங்கிப் பூட்டு கொஞ்சம் மெதுவானது. அந்த மெதுவே நம்மைக் காக்கிறது. ஆனால் மரப்பிசினும் அறுவைத்தூளும் சேர்ந்தால் அதன் உறை பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே கழுவி, உலர்த்தி, எண்ணெயிட வேண்டும்.

வடிவமும் முக்கியம். வி.டி. கண்ணிகளும் கப்பியும் நடுவில் அமர நீள்வட்டம் ஏற்றது. காரபினரின் முதுகில் பொறித்த எண்களைப் படியுங்கள். நீளவாக்கில் 23 கிலோநியூட்டன் (விசையின் அலகு) தாங்குவது, குறுக்கே சாய்ந்தால் 7 மட்டுமே தாங்கக்கூடும்.

ஒவ்வொரு முறையும் தரையை ஒட்டியே முழு எடையையும் தொங்கவிட்டு முடிச்சைச் சோதியுங்கள். அதே நேரத்தில் காரபினரின் வாயிலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அது அசைந்தால் ஏற வேண்டாம்.