2018 முதல் எங்கள் ஜெராக்ஸ் கடையில் லினக்ஸ் மின்ட்: அடுத்த பதிப்புக்கு நான் கேட்பவை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி என் ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸோடு தமிழ் டைப்பிங், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று எது வந்தாலும் செய்து கொடுப்போம். கடையில் ஐந்து கம்ப்யூட்டர். 2018 கடைசியில் அவற்றில் நான்குக்கு, விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸ் மின்ட் 19 ஏறியது. போட்டுக் கொடுத்தது எதிர்வீட்டில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த தம்பி. ஐந்தாவது மட்டும் விண்டோஸிலேயே இருக்கிறது. எங்களிடம் இருக்கும் விரல்ரேகைக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர் அன்றும் கிடைக்கவில்லை, இன்றும் இல்லை.

மின்ட்டின் பதிப்புகளுக்குப் பெண் பெயர்தான் வைப்பார்கள். 19 தாரா, 20 உல்யானா, 21 வனெசா, 22 வில்மா. நான்கையும் கடையில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில், மின்ட்டுக்கு அடித்தளமான உபுண்டு என்ற லினக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு வரும். அதன் மேல் மின்ட் குழு தன் வேலைகளைச் சேர்த்து ஜூன், ஜூலை வாக்கில் வெளியிடும். இந்தக் கணக்கு எங்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது. காரணம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் படகுக்குப் போகிறவர்கள் எங்கள் தெருக்களில் நிறையப் பேர். நிவாரணத்துக்குப் பாஸ்புக் நகல், அட்டை நகல் என்று வருவார்கள். அதே நேரத்தில் பிளஸ் டூ ரிசல்ட், கல்லூரி விண்ணப்பம். அந்த இரண்டு மாதமும் கம்ப்யூட்டர் என்னைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட இங்கே மின்ட் தானாகப் பதிப்பு மாறியதில்லை. கூட்டம் ஓய்ந்த ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு நானே மாற்றுவேன். பழைய பதிப்புக்கும் ஐந்து வருடம் வரை பாதுகாப்பு அப்டேட் வருவதால் அவசரம் கிடையாது. அடுத்த பதிப்பில் எதைச் சேர்த்தாலும் இந்த நிதானத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

“நாம் சொன்னால் அவர்கள் கேட்கவா போகிறார்கள்?” என்று தம்பியிடம் ஆரம்பத்தில் நானே கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கிறார்கள். 2019 ஜூனில் உபுண்டு 32 பிட் பேக்கேஜ்களை, அதாவது பழைய வகைக் கம்ப்யூட்டருக்காக எழுதிய மென்பொருள் பொதிகளை, முழுதாக நிறுத்தப் போவதாக அறிவித்தது. பழைய கேம்களும், விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் வைன் மென்பொருளும் அவற்றை நம்பித்தான் இருந்தன. எங்களுக்கு இது இது ஓடாமல் போகும் என்று பலரும் பெயர் சொல்லி எழுதினார்கள். சில நாட்களிலேயே, தேவையான 32 பிட் பேக்கேஜ்களைத் தொடர்ந்து தருவோம் என்று முடிவு மாறியது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் வேறு மாதிரி. வைஃபை கார்டுகளுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் என்ற சின்ன மென்பொருள் கட்டற்றதாக, அதாவது யாரும் திறந்து பார்த்து மாற்றக்கூடியதாக, இல்லாததால் அதை இன்ஸ்டாலரில் சேர்க்காமல் இருந்தார்கள். புதிதாகப் போடுகிறவர்கள் நெட் வராமல் திண்டாடினார்கள். 2022 இல் டெபியன் பங்களிப்பாளர்கள் ஓட்டுப் போட்டு, சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 இன் இன்ஸ்டாலரிலேயே அந்த ஃபர்ம்வேர் இருந்தது.

இரண்டு விஷயத்திலும் “இன்னும் நன்றாக இருக்கணும்” என்று பொதுவாகச் சொன்னது எடுபடவில்லை. எந்த மெஷின், எந்த வேலை, எந்த இடத்தில் நிற்கிறது என்று சொன்னதுதான் எடுபட்டது. நம் ஊர் டைப்பிங் மேஜையிலும் ஜெராக்ஸ் கடையிலும் எங்கே வேலை நிற்கிறது என்பதை நாம் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தமிழ் டைப்பிங்கிலிருந்து தொடங்குகிறேன், என் பிழைப்பே அதுதான். நான் தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறவள். 1999 பிப்ரவரியில் இதே சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் பிறந்து, அரசு தரமாக ஏற்ற விசைப்பலகை அது. அதன் அழகே புள்ளியில் இருக்கிறது. ‘அம்மா’ என்று அடிக்க ஏ, கே, கே, கியூ என்று நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. இரண்டாவது ‘ம’ விழும்போதே முதல் ‘ம’வுக்குத் தானாகப் புள்ளி வந்துவிடும். ‘ங’வுக்குப் பிறகு ‘க’, ‘ந’வுக்குப் பிறகு ‘த’ என்றாலும் அப்படியே. ஒரு நாளைக்கு இருபது பக்கம் அடிக்கிற விரலுக்கு இது எவ்வளவு பெரிய மிச்சம் என்பது அடிக்கிறவர்களுக்குத் தெரியும்.

லினக்ஸில் இது கிடைக்கிறது, ஆனால் இரண்டு வாசல் இருக்கிறது. கீபோர்ட் லேஅவுட் பட்டியலைத் திறந்தால் ‘தமிழ், தமிழ்நெட் 99’ என்று பெயர் கண்ணுக்கு எதிரே நிற்கும். அதைச் சேர்த்தால் எழுத்துகள் அந்தந்தக் கட்டையில் வரும், தானாகப் புள்ளி விழாது. அந்தப் பட்டியல் வேலை செய்யும் விதம் அப்படி: ஒரு கட்டைக்கு ஒரு எழுத்து, முன்னால் என்ன அடித்தோம் என்ற நினைவு அதற்குக் கிடையாது. முழு விதிகளோடு வேண்டுமென்றால் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் தனியாகப் போட்டு, லாக் அவுட் செய்து வந்து, அதில் தமிழ்99 ஐச் சேர்க்க வேண்டும். எனக்குத் தம்பி இருந்தான், செய்து கொடுத்தான். அவன் இல்லாத வீட்டில் ஒருவர் முதல் வாசலில் நுழைந்து, புள்ளி விழாததைப் பார்த்து, “லினக்ஸில் தமிழ் சரியா வராது” என்று முடிவு கட்டிவிடுவார். அப்படி முடிவு கட்டிய இரண்டு டைப்பிஸ்டுகளை நானே பார்த்திருக்கிறேன்.

என் வேண்டுகோள் இதுதான். இன்ஸ்டால் செய்யும்போது மொழி தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் ஐபஸும் எம்17என்னும் கேட்காமலே வந்து உட்கார வேண்டும். முதல் முறை லாகின் ஆனதும் ஒரு சின்னப் பெட்டி: தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர், எது வேண்டும்? கீழே அடித்துப் பார்க்க ஒரு வரி. அவ்வளவு போதும். எம்17என்னில் இந்த மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன, புதிதாக யாரும் எழுத வேண்டியதில்லை.

அடுத்தது பாமினி. வயதான ஒருவர் சங்கத்து மனுவைப் பென்டிரைவில் கொண்டுவருவார். திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். “இன்னாம்மா, தமிழ்ல அடிச்சது இங்கிலீஷா கீதே?” என்பார். அது ‘அம்மா’தான். பாமினியில் தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஃபான்ட் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் இந்தக் கோலம். பத்து இருபது வருடத்து மனுக்கள், பத்திரிகைகள், கோயில் மலர்கள் எல்லாம் வடசென்னை டிடிபி கடைகளில் இப்படித்தான் தூங்குகின்றன.

பாமினி ஃபான்ட்டை மின்ட்டோடு சேர்த்துக் கொடுங்கள் என்று முதலில் கேட்க நினைத்தேன். தம்பிதான் தடுத்தான். ஃபான்ட்டின் உரிமம் யாரிடம் என்ற கேள்வி வரும், தவிர அது பழைய பழக்கத்தையே நீட்டிக்கும், எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்றுவதுதான் வழி என்றான். அவன் சொன்னது சரி. ஓப்பன்-தமிழ் என்ற, பைத்தான் மொழியில் எழுதிய நிரல் தொகுப்பில் பாமினியை யுனிகோடாக மாற்றும் வசதி இருக்கிறது. மின்ட்டின் ஃபைல் மேனேஜரான நீமோவில் ரைட் கிளிக் மெனுவுக்கு நாமே ஒரு வேலையைச் சேர்க்கலாம். இரண்டையும் இணைத்து ‘யுனிகோடுக்கு மாற்று’ என்று ஒரு வரி போட்டுக் கொடுத்தான். அந்தப் பெரியவரின் மனு அன்றைக்கே அரை நிமிடத்தில் மாறியது. இதை எல்லோருக்கும் கிடைக்கும்படி நீமோவின் கூடுதல் வசதிகளில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். உலகம் முழுக்கத் தேவைப்படாது என்று எனக்கும் தெரியும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

யாரிடம் கேட்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஷீட்டில் எட்டு பாஸ்போர்ட் போட்டோ தானாக அடுக்கித் தரும் வசதி வேண்டும் என்று என் பட்டியலில் ஒருகாலத்தில் எழுதி வைத்திருந்தேன். அது மின்ட்டிடம் கேட்க வேண்டியது இல்லை, போட்டோ மென்பொருளை எழுதுகிறவர்களிடம் கேட்க வேண்டியது. மின்ட் குழு தாங்களே பராமரிப்பவை திரையில் தெரியும் சின்னமன் டெஸ்க்டாப், நீமோ, அப்டேட் மேனேஜர், சிஸ்டத்தின் நகலைச் சேமிக்கும் டைம்ஷிஃப்ட், ஃபைல் அனுப்பும் வார்பினேட்டர் போன்றவை. கேட்டால் அவர்கள் கை வைக்கக்கூடிய இடங்கள் இவைதான்.

அப்டேட் மேனேஜரில் ஒரே ஒரு பட்டன் கேட்கிறேன். எங்கள் நான்கு மெஷினில் ஒன்று மிகப் பழைய 32 பிட் பெட்டி. மின்ட் 20 இலிருந்து 32 பிட் கிடையாது, அதனால் அது 19.3 இலேயே நின்றது. 2023 ஏப்ரலில் அதற்கான ஆதரவும் முடிந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. அதில் டெபியன் 12 போட்டு, ஆப்ட்-கேஷர்-என்ஜி என்ற புரோகிராமை ஓட விட்டோம். மற்ற மெஷின்களில் ஒரு வரி மட்டும் மாற்ற வேண்டும். அதன் பிறகு ஒரு மெஷின் இறக்கிய அப்டேட்டை அந்தப் பெட்டி வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குக் கொடுக்கிறது. மழைக்காலத்தில் கேபிள் நெட் அறுந்தால் என் போன் ஹாட்ஸ்பாட்தான் கடைக்கே நெட். ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்று அளந்து கொடுக்கும் பேக்கில், லிப்ரே ஆபிஸ் அப்டேட்டை மூன்று தடவை இறக்குவதற்கும் ஒரே தடவை இறக்குவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

டெபியன் 13 இல் 32 பிட் பெட்டிக்கு இன்ஸ்டாலரே கிடையாது. அந்தக் கிழவியின் காலம் எண்ணப்படுகிறது. அதற்கு முன் இந்த வேலை மின்ட்டுக்குள்ளேயே வந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் மெஷின்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்து ஃபைல் அனுப்பிக்கொள்ள 2020 இல் வார்பினேட்டரை அவர்களே கொண்டுவந்தார்கள். அப்டேட்டையும் அப்படிப் பக்கத்து மெஷினிலிருந்து வாங்கிக்கொள்ள ஒரு பட்டன் இருந்தால் பள்ளி லேப், டைப்பிங் சென்டர், எங்களைப் போன்ற கடை எல்லோருக்கும் உதவும்.

டைம்ஷிஃப்ட் பற்றி எழுத எனக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. 2021 இல் ஒரு மெஷினின் டிஸ்க் போனது. டைம்ஷிஃப்ட் தினமும் வேறு டிஸ்க்கில் சேமிக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். புது டிஸ்க் போட்டு மீட்டதும் மின்ட் அப்படியே வந்தது. நம் ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டர் காலி. டைம்ஷிஃப்ட் இயல்பாகச் சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும், நம் ஃபைல்களை அல்ல. நான் படிக்காமல் விட்டேன், தவறு என்னுடையது. ஆனால் போனது ஒரு பெரியவர் எழுதிய குலதெய்வ வரலாறு, அறுபது பக்கம். கையெழுத்துப் பிரதி அவரிடம் இருந்ததால் பதினோரு ராத்திரி உட்கார்ந்து மறுபடியும் அடித்துக் கொடுத்தேன். டைம்ஷிஃப்ட்டின் முதல் திரையில், பெரிய எழுத்தில், தமிழில், ‘இது உங்கள் ஃபைல்களைக் காக்காது’ என்று ஒரு வரியும், பக்கத்திலேயே ஃபைல்களுக்கான பேக்கப் டூலைத் திறக்கும் பட்டனும் வேண்டும்.

அதே மின்ட் 2023 டிசம்பரில் என்னைக் காப்பாற்றியது. மிக்ஜாம் புயல் மழையில் கடைக்குள் முழங்கால் தண்ணீர். ஒரு சிபியுவின் மதர்போர்டு பாதி நனைந்து செத்தது. டிஸ்க் மேல் தட்டில் இருந்ததால் தப்பியது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய பெட்டி ஒன்று வாங்கி வந்து அந்த டிஸ்க்கை மாட்டினோம். பழையது இன்டெல், இது ஏஎம்டி. சுவிட்சைப் போட்டதும் என் வால்பேப்பரோடு அப்படியே எழுந்து நின்றது. டிரைவர் கேட்கவில்லை, லைசென்ஸ் கேட்கவில்லை. மறுநாள் வெள்ள நிவாரணத்துக்காக வந்தவர்களுக்கு அதிலிருந்துதான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

கடைசியாக, பிரிண்ட். முன்னும் பின்னும் தானாக அடிக்கிற பிரிண்டர் எங்களிடம் இல்லை. பிரிண்ட் பெட்டியில் ஒற்றைப்படைப் பக்கம் மட்டும் என்று கொடுத்து அடித்து, தாளைத் திருப்பி வைத்து, இரட்டைப்படைப் பக்கம் மட்டும் என்று மறுபடி அடிக்கிறேன். சில பிரிண்டரில் இரண்டாவது சுற்றைத் தலைகீழ் வரிசையில் கொடுக்க வேண்டும். மொத்தப் பக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் கடைசித் தாளை முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். மறந்தால் எல்லாம் ஒரு தாள் தள்ளிப் போய், 41 பக்கக் கேள்வித்தாள் மொத்தமும் வீண். எனக்குப் பழகிவிட்டது, வேலைக்கு வரும் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. ‘இரண்டு பக்கமும், கையால் திருப்பி’ என்று ஒரு வசதி வந்து, முதல் சுற்று முடிந்ததும் நிறுத்தி, தாளை எப்படி வைப்பது என்று படம் காட்டி, பிறகு தொடர வேண்டும்.

இதற்கு மட்டும் ஸ்கிரீன்ஷாட்டோடு படிப்படியாக எழுதி முடித்துவிட்டேன். தம்பி இப்போது வேலைக்குப் போய்விட்டாலும் ஞாயிறன்று வந்து ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். தாள் வைக்கும் படத்தை என் மகள் வரைந்திருக்கிறாள்: அச்சான பக்கம் மேலே, தலைப்பு பிரிண்டருக்குள் போகும் பக்கம், ஓரத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி.