வயிறு தள்ளிய நிலவறைச் சுவர்: கார்பன் ஃபைபர் பட்டையும் இரும்புத் தூணும் பல ஆண்டுப் பயன்பாட்டில்

நிலவறைச் சுவர் உட்புறமாக வயிறு தள்ளுவதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே நிற்கும் வீட்டின் எடை அன்று. வெளியே நீரை உறிஞ்சி உப்பிய மண்தான் அதைத் தள்ளுகிறது. சுவரையொட்டி 2 மீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கினால், அடிமட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 2 டன் அளவுக்கு நீரின் அழுத்தம் மட்டுமே சேர்ந்துவிடும். களிமண் ஈரத்தில் விரியும்போது ஏற்படும் தள்ளுவிசை இதற்கு மேல். கம்பி வைக்காத ஹாலோ பிளாக் சுவருக்கு இவ்வளவையும் பக்கவாட்டில் தாங்கும் வலு கிடையாது. அதனால்தான் எங்கள் சுவர்களிலும் நடு உயரத்தில் சாந்து வரிசையை ஒட்டி நீளவாக்கில் ஒரு விரிசலும், மூலைகளில் படிக்கட்டுப் போல ஏறும் விரிசல்களும் தோன்றின.

மேலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அளந்தபோது, ஒரு சுவர் சுமார் 30 மில்லிமீட்டர் உள்ளே வந்திருந்தது. கட்டமைப்புப் பொறியாளர் அதற்குக் கார்பன் ஃபைபர் பட்டை, அதாவது சுவரின் உட்புறத்தில் மேலிருந்து கீழாக ஒட்டும் வலுவான கார்பன் இழைப் பட்டை, போதும் என்றார். வளைவு சுமார் 50 மில்லிமீட்டருக்குள் இருக்கும்வரைதான் பொதுவாக இம்முறையைப் பரிந்துரைக்கிறார்கள். இன்னொரு சுவரில் வளைவு அவ்வளவு இல்லையென்றாலும் அடிவரிசைக்கு மேலுள்ள பிளாக்குகள் உட்புறம் நழுவத் தொடங்கியிருந்தன. நடுவில் வளைவதைத் தடுக்கும் பட்டையால் அடியில் நழுவுவதைத் தடுக்க முடியாது என்பதால், அங்கே ஐ வடிவ இரும்புத் தூண்களை நிறுத்தச் சொன்னார். இந்த வேறுபாட்டை விளக்காமல் எல்லாச் சுவருக்கும் ஒரே தீர்வைச் சொல்லும் ஒப்பந்ததாரரை நான் நம்பமாட்டேன்.

பட்டை ஒட்டும் வேலையில் பட்டையைவிட முக்கியமானது, அதற்குமுன் சுவரைத் தேய்க்கும் வேலை. பழைய பெயின்ட்டும் உப்புப் பூத்த படலமும் முழுவதும் போய் பிளாக்கின் வெறும் முகப்பு தெரியும்வரை கிரைண்டரால் தேய்த்த பிறகே எப்பாக்சி என்னும் பசையைப் பூச வேண்டும். இல்லையென்றால் பட்டை சுவரை விட்டுவிட்டுப் பெயின்ட்டைத்தான் பிடித்திருக்கும். வேலை முடிந்ததும் விரல்முட்டியால் ஒவ்வொரு பட்டையையும் மேலிருந்து கீழாகத் தட்டிப் பார்த்தோம். ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஓசை வெற்றிடமாகக் கேட்டது. அங்கே துளையிட்டு எப்பாக்சியைச் செலுத்திச் சரிசெய்தார்கள். இன்றுவரை அந்தச் சுவர் நகரவில்லை. பெயின்ட் அடித்தபின் பட்டைகள் இருப்பதே தெரிவதில்லை.

இரும்புத் தூண்களும் உறுதியாகவே நிற்கின்றன, ஆனால் அவற்றுக்குக் கவனிப்பு தேவைப்படுகிறது. ஓதம் ஏறும் அடிப்பகுதியில் துரு பிடிக்கிறது. சுரண்டி, துருத்தடுப்பு பூச வேண்டியிருக்கிறது. தூணின் தலைப்பகுதியைப் பிணைக்கும் விதம்தான் இதில் நுட்பமானது. மேல்தளத்தின் விட்டங்கள் சுவருக்கு இணையாக ஓடினால், தூண் தள்ளும் விசை முழுவதும் முதல் விட்டத்தின் மேல் விழுந்து அதைச் சாய்த்துவிடும். எனவே அடுத்தடுத்த விட்டங்களுக்கு இடையே குறுக்குக் கட்டைகள் கொடுத்து, அந்த விசையைத் தளம் முழுவதற்கும் பரப்பினார்கள்.

இரண்டு முறைகளுமே சுவரை நிமிர்த்துவதில்லை. இருக்கும் நிலையில் நிறுத்திவைக்கின்றன, அவ்வளவுதான். நிமிர வேண்டுமென்றால் வெளியே மண்ணைத் தோண்டி அழுத்தத்தை நீக்கிச் சுவரைத் தள்ள வேண்டும். அல்லது தோட்டத்து மண்ணில் ஆங்கர் எனப்படும் நங்கூரத் தகடு புதைத்து, அதைச் சுவரோடு இணைக்கும் கம்பியைக் காலப்போக்கில் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். அதற்கு வெளியே போதிய இடம் வேண்டும், எங்களுக்கு அது இல்லை.

இத்தனை ஆண்டுகளில் என் மனத்தில் உறுதிப்பட்டது ஒன்று: உள்ளே செய்த வேலையைக் காப்பாற்றுவது வெளியே நீரை விலக்கியதுதான். சுவரிலிருந்து முதல் 3 மீட்டருக்குள் தரை குறைந்தது 150 மில்லிமீட்டர் சரியுமாறு மண் நிரப்பினோம்; கூரைநீர்க் குழாய்களைச் சுவரைவிட்டுத் தள்ளி நீட்டினோம்; அடியில் ஊறும் நீரை வெளியேற்றும் பம்ப்புக்கு, மின்சாரம் நின்றாலும் ஓடுமாறு பேட்டரி இணைத்தோம். நிரப்பிய மண் அமுங்கும் என்பதால் சரிவை அவ்வப்போது மீண்டும் பார்த்தாக வேண்டும். விரிசல் அகலும் அளவைக் காட்ட அதன்மேல் பொருத்தும் விரிசல் அளவியைப் படிக்கும்போதும் ஒரே பருவத்து அளவுகளையே ஒப்பிட வேண்டும். களிமண் கோடையில் சுருங்கி மழையில் விரிவதால், மயிரிழை அளவு ஏற்ற இறக்கம் இயல்பே. அதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் உத்தரவாதத்தின் வாசகத்தைப் படியுங்கள். பட்டையும் தூணும் பழுதானால் மட்டும் பொறுப்பா, சுவர் மேலும் நகர்ந்தாலும் பொறுப்பா, வீடு கைமாறினால் அது தொடருமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.