பத்மநாபபுரம் வந்தால் அரண்மனையோடு திரும்பிவிடாதீர்கள்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை என்று கடற்கரையையே சுற்றிவிட்டு, திரும்பும் வழியில் நேரம் மிஞ்சினால் பத்மநாபபுரத்தில் இறங்கி அரக்கப்பரக்க ஓடிவிட்டு வேனில் ஏறுகிறார்கள். இந்த மாவட்டத்துக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு முழு நாளை இந்த ஊருக்குக் கொடுங்கள். கடல் எங்கேயும் போய்விடாது.

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் சாலையில் தக்கலை, அங்கிருந்து ஆட்டோ. கோட்டை வாசல் வந்ததும் இறங்கி நடப்பது நல்லது. கருங்கல் கோட்டைச் சுவருக்குள் வீடு, கோயில், கடை என்று ஊர் வழக்கம்போல இயங்கிக்கொண்டிருக்கிறது, பின்னால் வேளிமலை நிற்கிறது. முன்பு கல்குளம் என்று பெயர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750-ல் தன் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, தான் வெறும் தாசன் என்று சொல்லிக்கொண்ட காலத்தில் ஊரும் பத்மநாபபுரம் ஆனது. 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. என் கணக்கில் அதுதான் இந்த அரண்மனைக்குக் கிடைத்த நல்ல காலம், அடுத்து வந்த ராஜாக்கள் யாரும் இதை இடித்து வெள்ளைக்காரன் பாணியில் பங்களா கட்டவில்லை பாருங்கள்.

மைசூர் அரண்மனையையோ மதுரை திருமலை நாயக்கர் மகாலையோ மனதில் வைத்துக்கொண்டு வந்தால் "இவ்வளவுதானா?" என்றுதான் தோன்றும். ஓட்டுக் கூரை, தாழ்ந்த வாசல்நிலை, குறுகின படி, எங்கே பார்த்தாலும் அரை இருட்டு. இது தச்சன் கட்டிய அரண்மனை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். நுழைந்ததும் வரும் பூமுகத்தின் மரக் கூரையில் தொண்ணூறு பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று போல இன்னொன்று இல்லை என்கிறார்கள். நான் எண்ணிப் பார்க்க முயன்று கழுத்து வலித்ததுதான் மிச்சம். அங்கேயே தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அந்தப் பக்கமே நிற்கும்.

மேலே மந்திரசாலை. ராஜா மந்திரிகளோடு ஆலோசனை செய்த அறை. எனக்கு மொத்த அரண்மனையிலும் பிடித்தது இதுதான். மர அழிகள் (சட்டம் அடித்த மரத் தடுப்புகள்) வழியாகக் காற்று வருகிறது, வெயில் வரவில்லை, வெளியே மண்டை பிளக்கும் சித்திரை மதியத்தில்கூட உள்ளே மின்விசிறி தேடத் தோன்றாது. தரை கறுப்பாகப் பளபளக்கும், சிமென்ட் இல்லாத காலத்துத் தரை. சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்தது என்று சொல்வார்கள். வெறுங்காலில் நடக்கும்போது அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும் (செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும், இந்த ஒரு காரணத்துக்காகவே அது நல்ல ஏற்பாடு).

அப்புறம் தாய்க்கொட்டாரம், இருப்பதிலேயே பழையது, நடுவில் முற்றம் வைத்த நாலுகெட்டு. அங்கே இருக்கும் பலாமரத் தூணில் கை வைக்காமல் வருவது கஷ்டம், ஆனால் வைக்காதீர்கள். ஊட்டுப்புரை இரண்டு மாடி, ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாமாம். அத்தனை நீளக் கூடத்தின் ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் நிற்பவர் முகம் தெரியாது. உப்பரிகை மாளிகையில் மூலிகை மரங்களால் செய்த கட்டிலைப் பார்க்கத்தான் கூட்டம் முண்டியடிக்கும், அதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். நவராத்திரி மண்டபம் மட்டும் முழுக்கக் கல். இத்தனை மரத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் வேறு ஊருக்கு வந்த மாதிரி இருக்கிறது. ஆட்டம் பாட்டு நடக்கும்போது அரண்மனைப் பெண்கள் மர அழி வழியாக மறைந்திருந்து பார்த்திருக்கிறார்கள்.

குமரி மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது, அதனால் உள்ளே மலையாளம் காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் இரண்டும் கலந்துதான் ஓடும்.

சரி, குறை என்ன? விடுமுறை நாளில் போனால் சுற்றுலா வேன்களில் வரும் கூட்டம் குறுகிய படிகளில் தள்ளிக்கொண்டே போகும், எதையும் நின்று பார்க்க முடியாது. காலை ஒன்பது மணிக்குத் திறந்ததும் நுழைந்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் நான் போன ஒரு கடையில் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்குதான்) மீன்கறியும் கேட்டால், ஆறிப்போன கிழங்கும் புளி மட்டும் தெரிந்த குழம்பும் வந்தன. மரச்சீனி விளையும் ஊரில் இப்படியா! தக்கலைக்கே வந்து சாப்பிடுவது உத்தமம்.

மதியத்துக்கு மேல் ஊருக்குள் நடங்கள். நீலகண்ட சுவாமி கோயில், சிவராத்திரிக்குக் கோவிந்தா கோபாலா என்று ஓடும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் ஒன்று. ராமசாமி கோயிலில் ராமாயணத்தை மரப் பலகைகளில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், அரண்மனைக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கோயில் நடை சாயங்காலம்தான் திறக்கும். அதுவரை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போய் வரலாம். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தலைவனான டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. மதியம் ஒரு மணி நேரம் மூடுவார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.