லிமிட் போக்கர்: கணக்கு நோட்டு, ஹட், செஃபியஸ், டிராக்கர் – எதைப் பார்த்து ஆட்டத்தைத் திருத்துவது?

ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு பந்தயம் போடலாம் என்பது முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட போக்கர்தான் லிமிட் ஹோல்டெம். அதை ஆடுகிறவர் யாரிடமாவது போய் "என் ஆட்டத்தில் எங்கே ஓட்டை என்று எப்படித் தெரிந்துகொள்வது" என்று கேட்டால், புள்ளிவிவரம் பாருங்கள் என்று பதில் வரும். சரி, எந்தப் புள்ளிவிவரம்? ஒருவர் தினமும் வந்ததையும் போனதையும் எக்செலில் எழுதி வைப்பார். இன்னொருவருக்கு ஆடும்போதே எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் எண்கள் வரிசையாக நிற்க வேண்டும், ஹட் என்பது அதுதான். வேறொருவர் கணினி கண்டுபிடித்த விடையோடு தன் ஆட்டத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார். கடைசியாக, ஆடிய கைகளை (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) எல்லாம் போக்கர்டிராக்கர், ஹோல்டெம் மேனேஜர் மாதிரி டிராக்கர் மென்பொருளில் ஏற்றிவிட்டு, ஆட்டம் முடிந்தபின் ஃபில்டர் போட்டுக் குடைகிறவர்கள். என் ஓட்டு இந்தக் கடைசி ஆளுக்கு. அதிலும் எதிராளியைக் குடைவதை விடத் தன்னையே குடைவதுதான் லிமிட்டில் பலன் தரும். மற்ற மூன்றும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவற்றுக்கு உரிய இடம் சின்னது.

கணக்கு நோட்டில் ஆரம்பிப்போம். நேர்மையானது, செலவில்லாதது, பணம் எங்கே போகிறது என்று வீட்டுக்குப் பதில் சொல்லவும் உதவும். ஆனால் நீங்கள் நன்றாக ஆடுகிறீர்களா என்று அது சொல்லி முடிப்பதற்குள் வயதாகிவிடும். லிமிட் ஹோல்டெமில் 100 கைகளுக்கான ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கத்தின் அளவு, சுமார் 16 பிக் பெட் (கடைசி இரண்டு சுற்றுகளில் போடும் பெரிய பந்தயம், முதல் இரண்டு சுற்றுகளின் சின்ன பெட் அதில் பாதி), டேபிளில் ஆள் குறையக் குறைய இன்னும் கொஞ்சம் ஏறும். 10,000 கைகள் ஆடி முடித்தபின்னும் உங்கள் சராசரி, 100 கைக்கு 3.2 பிக் பெட் வரை மேலேயோ கீழேயோ தள்ளி நிற்கலாம். அதாவது 100 கைக்கு 1 பிக் பெட் ஜெயிக்கும் திறமை உள்ளவர் மைனஸ் 2-இல் இருக்கலாம், பிளஸ் 4-இலும் இருக்கலாம், இரண்டிலும் அதிசயம் இல்லை. ஒரு லட்சம் கைகள் ஆடினாலும் இரண்டு பக்கமும் 1 பிக் பெட் மிச்சம் இருக்கிறது, அவருடைய லாபமே அவ்வளவுதான்! லாஸ் வேகாஸ், கலிஃபோர்னியா பக்கம் நேரில் லிமிட் ஆடுகிறவர்களுக்கு மணிக்கு 30 கை சொச்சம்தான் கிடைக்கும், அந்த வேகத்தில் முதல் 10,000 கைக்கே 300 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத நோ-லிமிட் ஆடுகிறவர்களுக்கு இதில் ஒரு கைத்தடி உண்டு. ஆல்-இன் போனபின் (முன்னாலிருக்கும் மொத்தக் காசையும் வைத்தபின்) அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டு, நியாயமாக எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று டிராக்கர் தனிக்கோடு போட்டுக் காட்டும். லிமிட்டில் யாரும் ஆல்-இன் போவது அபூர்வம், அதனால் அந்தக் கோடு இங்கே உபயோகமில்லை. லாப நஷ்ட வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் லிமிட் ஆட்டக்காரர் மற்றவர்களை விட அதிகமாக ஏமாறுவார்.

ஹட் பார்க்க அழகாக இருக்கும். அதன் சிக்கல் என்னவென்றால், எந்த எண் எத்தனை கைகளில் இருந்து வந்தது என்பதை ஆடுகிற அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை. எதிராளி தானாகப் பணம் போட்டு உள்ளே வரும் சதவீதத்தை, அதாவது வி.பி.ஐ.பி. என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 25 உள்ளவருக்கு, 30 கைகளைப் பார்த்த நிலையில் ஹட் 40 என்று காட்டலாம், 10 என்றும் காட்டலாம். நூறு கைக்குப் பிறகு கொஞ்சம் நம்பலாம், ஆயிரம் கைக்குப் பிறகு நன்றாகவே நம்பலாம். ஆனால் "ரிவரில் பெட் வந்தால் எவ்வளவு மடிக்கிறார்" என்ற எண் வேறு ஜாதி (ரிவர் என்பது கடைசிப் பொதுச்சீட்டு வரும் சுற்று, மடிப்பது என்றால் சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது). முதல் 30 கைகளில் அந்தச் சூழ்நிலை ஒரு தடவை வந்திருந்தால் பெரிய விஷயம், அந்த ஒரு தடவை அவர் மடித்திருந்தால் ஹட் 100 சதவீதம் என்று கம்பீரமாகக் காட்டும். அதை நம்பி பிளஃப் அடிக்கிறவர்களை என்ன சொல்வது! ஹட் வேண்டுமானால் மூன்று எண் போதும்: எவ்வளவு உள்ளே வருகிறார், எவ்வளவு ரெய்ஸ் செய்கிறார் (பந்தயத்தை உயர்த்துகிறார்), எவ்வளவு ஷோடவுன் வரை, அதாவது சீட்டைக் காட்டும் கடைசிக் கட்டம் வரை போகிறார். பக்கத்தில் கைகளின் எண்ணிக்கை கட்டாயம் இருக்க வேண்டும். இன்னொன்று, எல்லாத் தளமும் இதை அனுமதிப்பதில்லை, ஜிஜிபோக்கரில் வெளி ஹட் தடை. இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு 2025-இல் வந்த மத்தியச் சட்டத்துக்குப் பிறகு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டமே கூடாது என்பதால், இந்த விவாதம் சட்டப்படி ஆடக்கூடிய நாட்டில் இருப்பவர்களுக்குத்தான்.

மூன்றாவது வழியின் பெருமை வேறு. கனடாவின் ஆல்பர்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங் குழு 2015 ஜனவரியில் சயன்ஸ் இதழில், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமை நடைமுறையில் தீர்த்துவிட்டதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கான சிபியுக்கள் இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிக் கிடைத்த நிரல்தான் செஃபியஸ். வாழ்நாள் முழுக்க எதிரே உட்கார்ந்து ஆடினாலும் அதைத் தோற்கடிக்கிறோம் என்று புள்ளிவிவர ரீதியாக நிரூபிக்க முடியாது, அவ்வளவு நெருக்கமான விடை. பிளைண்ட்-பிளைண்ட் மோதல்களில் (சீட்டைப் பார்க்கும் முன்பே போடும் கட்டாயப் பந்தயம் பிளைண்ட், அதைப் போட்ட இருவர் மட்டும் மோதும் கைகளில்) அதன் போக்கைப் பார்த்தால், நம்மில் பலர் எவ்வளவு சீக்கிரம் மடிக்கிறோம் என்று வெட்கமாக இருக்கும். ஆனால் அது இருவர் ஆட்டத்துக்கு மட்டும். ஆறு பேர், ஒன்பது பேர் உட்காரும் டேபிளுக்கு அதை அப்படியே தூக்கி வர முடியாது. தவிர, எதையும் மடிக்காமல் கால் செய்துகொண்டே (எதிராளியின் பந்தயத்துக்குச் சமமாகப் போட்டுக்கொண்டே) இருக்கிற ஆளிடமிருந்து கூடுதலாகக் கறப்பது எப்படி என்று அது யோசிப்பதே இல்லை, தோற்காமல் இருப்பதுதான் அதன் வேலை. சின்ன லிமிட் டேபிளில் நமக்கு வருமானமே அந்த ஆளிடமிருந்துதான்.

அப்புறம் டிராக்கர். முதலில் ஒன்பது பேர் டேபிளையும் ஆறு பேர் டேபிளையும் பிரித்து வையுங்கள். இரண்டையும் கலந்து எடுத்த வி.பி.ஐ.பி. எதையும் சொல்லாது. வி.பி.ஐ.பி.யும் ரெய்ஸ் சதவீதமும் பார்க்கச் சுலபம், இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் ரெய்ஸ் செய்ய வேண்டிய இடத்தில் கால் செய்கிறீர்கள், அவ்வளவுதான். அக்ரெஷன் ஃபேக்டர் என்று ஒன்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். பெட்டையும் ரெய்ஸையும் கூட்டிக் காலால் வகுப்பது அது. கணக்கில் ஃபோல்டு, அதாவது மடித்தது, வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பயந்து பயந்து மடிக்கிறவருக்கும் கால் குறைவதால் அந்த எண் ஜோராக ஏறிவிடும்.

பலர் சறுக்குவது, இரண்டு பிளைண்டில் பெரியதைப் போடும் இடமான பிக் பிளைண்டில். அந்த இடத்தில் டிராக்கர் சிவப்பாக நஷ்டம் காட்டும், உடனே "இங்கே நிறைய ஆடுகிறேன், குறைக்க வேண்டும்" என்று முடிவெடுப்பார்கள். கார்டைப் பார்க்காமலே மடித்தாலும் அங்கே ஒரு கைக்கு அரை பிக் பெட் நஷ்டம், அது ஏற்கெனவே போட்ட பிளைண்ட். எனவே ஒப்பிட வேண்டியது பூஜ்யத்தோடு அல்ல, மைனஸ் 0.5-ஓடு. பட்டனில் (ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக ஆடும் வசதியான இடத்தில்) இருப்பவர் ரெய்ஸ் செய்கிறார், ஸ்மால் பிளைண்ட் மடிக்கிறார் என்றால் நடுவில் சேர்ந்த பணத்தில், அதாவது பாட்-இல், மூன்றரை சின்ன பெட் கிடக்கிறது, நீங்கள் போட வேண்டியது ஒன்று. அந்தச் சூழ்நிலையில் கால் செய்த சுமாரான கைகளின் தொகுப்பு சராசரியாக 0.4 பிக் பெட் நஷ்டம் காட்டினால் அது நஷ்டமே இல்லை, ஒவ்வொரு கையிலும் 0.1 பிக் பெட் மிச்சம். தொகுப்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆறு பேர் டேபிளில் 10,000 கைகள் ஆடினால் பிக் பிளைண்டில் வேறு வேறு சூட் (சீட்டு இனம்) கொண்ட கிங்-நாலு சுமார் 15 தடவைதான் வரும். அந்த 15-ஐ வைத்து கிங்-நாலைப் பற்றித் தீர்ப்பு எழுத முடியாது.

லிமிட்டில் என்னைக் கேட்டால் இரண்டு எண்களை ஜோடியாகப் பார்க்க வேண்டும்: ஃபிளாப் (முதல் மூன்று பொதுச்சீட்டு) பார்த்தவற்றில் எத்தனை சதவீதம் ஷோடவுன் போனீர்கள், போனதில் எத்தனை சதவீதம் ஜெயித்தீர்கள். ஆறு பேர் டேபிளில் நன்றாக ஆடுகிறவர்களிடம் முதலாவது 30-களின் பின்பாதியிலும் இரண்டாவது 50-ஐக் கொஞ்சம் தாண்டியும் இருப்பதுதான் வழக்கம். உங்களுக்கு 30-ம் 60-மாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஜெயிக்கும் கையை மட்டும் காட்டுகிறீர்கள் என்றால் வழியில் ஜெயிக்கக்கூடிய கைகளையும் மடித்துப் போட்டிருக்கிறீர்கள். ரிவரில் எதிராளியின் பெட்டோடு சேர்த்து பாட்-இல் 6 பிக் பெட் இருக்கிறது, கால் செய்ய 1 வேண்டும். ஏழில் ஒரு தடவை ஜெயித்தால் போட்டது திரும்பிவிடும். தப்பாகக் கால் செய்தால் போவது 1, தப்பாக மடித்தால் போவது 6.

அதனால் நான் முதலில் போடச் சொல்வது ரிவர் கால் ஃபில்டர். அதிலும் மொத்தச் சராசரியைப் பார்க்காதீர்கள், அதில் நல்ல ஜோடிகளும் கலந்திருக்கும். ஏஸ்-ஹை (ஜோடி சேராமல் ஏஸ் மட்டும் பெரிய சீட்டாக இருப்பது), அடிமட்ட ஜோடி மாதிரி தள்ளாடும் கைகளை மட்டும் தனியாக எடுங்கள். அவை ஜெயிக்கும் அளவு, பாட் அளவுக்குத் தேவையான 14 சதவீதத்தை (ஏழில் ஒரு தடவை) நன்றாகத் தாண்டினால், இன்னும் பலவீனமான சில கைகளிலும் கால் செய்ய இடமிருக்கிறது. 8 சதவீதம் என்றால் நிறுத்த வேண்டியதுதான்.

இதிலும் டிராக்கருக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. நீங்கள் மடித்த கைகளில் எதிராளி என்ன வைத்திருந்தார் என்று அதற்கும் தெரியாது. நோ-லிமிட்டில் இதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் மொத்தக் காசையும் வைக்க வேண்டியிருக்கும். லிமிட்டில் ஒரு பிக் பெட்தான் விலை. ஒரு மாதத்துக்கு, மடிக்கலாமா என்று தயங்கும் ரிவர் கைகளில் எல்லாம் கால் செய்துவிட்டு, அந்தக் கைகளை டிராக்கரில் குறியிட்டு வையுங்கள். குறியிட்டவற்றை மட்டும் மாதக் கடைசியில் ஃபில்டரில் எடுத்துப் பார்த்தால் எந்த வகைக் கையை இனி மடிக்கலாம், எதை மடிக்கக் கூடாது என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.