ஆன்லைன் கடையின் ஃப்ரண்ட்எண்ட்: சர்வரில் சமைப்பதா, பிரவுசரில் சமைப்பதா?

ஷாப்பிங் தளம் கட்டப் போகிறோம் என்றதும் எந்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி, ரியாக்டா, வியூவா, ஆங்குலரா என்ற விவாதம் தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பக்கத்தின் எச்டிஎம்எல், அதாவது பிரவுசர் படித்துக் காட்டும் கோடு, எங்கே உருவாகிறது? சர்வரிலேயே முழுதாகத் தயாராகி வரலாம். வெறும் கூடு மட்டும் வந்து, மீதியை ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசரில் கட்டலாம். இரண்டும் கலந்தும் இருக்கலாம். லைப்ரரியின் பெயரைவிட இந்த முடிவுதான் கடையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

வாங்க வருபவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பட்டியலைத் தள்ளிக்கொண்டே போவார், ஒரு பொருளைத் தொடுவார், பிடிக்காவிட்டால் பின்னால் வருவார், விட்ட இடத்திலிருந்து அடுத்ததைப் பார்ப்பார். ஒரே வருகையில் இது பத்துப் பதினைந்து முறை நடக்கும். நான் எந்த வழியையும் இதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

முழுக்க பிரவுசரில் ஓடி, ஒரே பக்கத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் மாற்றிக் காட்டும் சிங்கிள் பேஜ் ஆப் இங்கேதான் தடுமாறுகிறது. 2013-இல் ரியாக்ட் வெளியானதற்குப் பிறகு இந்தப் பாணி வேகமாகப் பரவியது. ஒருமுறை ஏறிவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் சட்டென்று மாறும், உண்மைதான். ஆனால் பேக் பட்டனை அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தளம் என்றால், விட்டு வந்த பக்கத்தை பிரவுசர் பெரும்பாலும் அப்படியே நினைவில் வைத்திருந்து நொடியில் திருப்பிக் கொடுத்துவிடும். சிங்கிள் பேஜ் ஆப்பில் பிரவுசரின் பார்வையில் யாரும் எந்தப் பக்கத்தையும் விட்டுப் போகவே இல்லை. அதனால் பட்டியலை மறுபடி கட்டுவது, ஸ்க்ரோல் இருந்த இடத்தைப் பிடிப்பது எல்லாம் நம் கோடின் பொறுப்பு. இதைச் சரியாக எழுதாத தளங்களில் நாற்பதாவது பொருளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் முதல் பொருளில் போய் நிற்போம். அதோடு பலர் மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேடலுக்காகத் தளங்களைப் படிக்க வரும் கூகுளின் கிராலர் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கும். ஆனால் மெசேஜில் லிங்க் அனுப்பும்போது படமும் தலைப்பும் எடுக்க வரும் பாட்கள் பெரும்பாலும் ஓட்டாது. பொருளின் லிங்கை நண்பருக்கு அனுப்பினால் வெற்றுப் பெட்டிதான் போய்ச் சேரும்.

சர்வரில் தயாராகும் பழைய வழி, அதாவது லாராவெல், ஜாங்கோ, ஷாப்பிஃபையின் லிக்விட் போன்ற சர்வர் பக்கக் கருவிகளில் எழுதும் டெம்ப்ளேட், இந்தத் தொல்லைகள் இல்லாமல் வேலை செய்கிறது. அப்புறம், சிடிஎன்-இல், அதாவது வாங்குபவருக்கு அருகில் நகல் வைத்திருக்கும் சர்வர்களில், பக்கத்தையே சேமித்து வைக்கலாம். குறை ஃபில்டரில் தெரியும். அளவு, நிறம் என்று ஒவ்வொன்றைத் தொடும்போதும் முழுப் பக்கமும் மறுபடி வரும். பட்டியல் பகுதியை மட்டும் சர்வரிலிருந்து ஃபெட்ச் செய்து மாற்றி, பக்கத்தின் இணைய முகவரியிலும் அந்தத் தேர்வைப் பதித்துவிட்டால் அதுவும் சரியாகிவிடும். 2024 முதல் குரோமில் இரண்டு தனிப் பக்கங்களுக்கு இடையிலேயே அனிமேஷன் போட முடிகிறது. அந்த வழவழப்புக்காக மட்டும் சிங்கிள் பேஜ் ஆப்புக்குப் போக வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

கலப்பு வழியில், ரியாக்டின் மேல் கட்டப்பட்டு 2016-இல் வந்த நெக்ஸ்ட் ஜேஎஸ் பிரபலம். வியூ பக்கம் நக்ஸ்ட் இருக்கிறது. எச்டிஎம்எல் சர்வரிலிருந்து வரும், பிறகு ஜாவாஸ்கிரிப்ட் வந்து அதற்கு உயிர் கொடுக்கும். இதைத்தான் ஹைட்ரேஷன் என்கிறோம். நான் வேலை செய்த ஒரு தளத்தைப் பழைய போன் ஒன்றில் திறந்து பார்த்தேன். படம், விலை, ‘கார்ட்டில் சேர்’ பட்டன் எல்லாம் சீக்கிரமே வந்துவிட்டன. பட்டனை அழுத்தினேன், அசைவில்லை. மறுபடி அழுத்தினேன், அப்போதும் இல்லை. ஹைட்ரேஷன் முடியும்வரை அந்தப் பட்டன் வெறும் படம்தான். நம்பி அழுத்தியவரை ஏமாற்றுவது எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பட்டனைச் சாதாரண ஃபார்முக்குள் வைத்தோம். ஸ்கிரிப்ட் வராவிட்டாலும் பிரவுசரே சர்வருக்கு அனுப்பிவிடும், வந்துவிட்டால் பக்கம் மாறாமல் சேரும்.

இதே சிக்கலுக்கு ஆஸ்ட்ரோ என்ற ஃப்ரேம்வொர்க்கின் தீவு முறை வேறு வழி பிடிக்கிறது. பக்கம் முழுக்க அசையாத எச்டிஎம்எல்; கார்ட், படத்தொகுப்பு போன்ற இடங்களில் மட்டும் ஜாவாஸ்கிரிப்ட். பொருள் பக்கத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி.

எதை எடுத்தாலும் கூகுளின் மூன்று அளவுகோல்களை வைத்து அளந்து பாருங்கள். பெரிய படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் வர வேண்டும், தொட்டால் 200 மில்லி நொடிக்குள் அசைவு தெரிய வேண்டும், ஏறும்போது பக்கத்தில் உள்ளவை இடம் மாறிக் குதிப்பதைக் காட்டும் மதிப்பு 0.1-ஐத் தாண்டக் கூடாது. நான்கில் மூன்று வருகைகளாவது இதற்குள் அடங்க வேண்டும். பொருளின் முதன்மைப் படத்துக்கே லேசி லோடிங் (படத்தைத் தள்ளிப்போட்டு ஏற்றுவது) போட்டு முதல் அளவைக் கெடுத்துக்கொள்வது அடிக்கடி பார்க்கும் தவறு. படத்துக்கு அகலம், உயரம் எழுதாமல் விட்டால் மூன்றாவது கெடும்.

என் தேர்வு இதுதான். சிறிய குழு, சில நூறு பொருட்கள் என்றால் சர்வர் டெம்ப்ளேட். ரியாக்ட் தெரிந்த பெரிய குழு என்றால் நெக்ஸ்ட், ஆனால் பிரவுசருக்கு அனுப்பும் ஸ்கிரிப்டில் கஞ்சத்தனம் வேண்டும். சிங்கிள் பேஜ் ஆப்பை ஆர்டர்களைக் கையாளும் அட்மின் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது நன்றாகவே உழைக்கும்.

செக்அவுட்டில் மட்டும் எந்த வழியானாலும் ஒன்றுதான் கேட்பேன். எண் கேட்கும் இடத்தில் எண் விசைப்பலகை வரட்டும், முகவரியை பிரவுசரே நிரப்பட்டும், ஒரு கட்டத்தில் பிழை என்றால் மற்றக் கட்டங்களில் தட்டியது அழியாமல் இருக்கட்டும்.